கடையை மூடச் சொன்னால் வாடகை யார் கொடுப்பது?

தம்பானூரைத் தொழிற்பகுதி என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பக்கம் திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையம், எதிர்ப்பக்கம் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பேருந்து நிலையம், நடுவே ஒரு சாலை. அந்தச் சாலையையும் அதிலிருந்து பிரியும் சந்துகளையும் நம்பி லாட்ஜுகள், ஓட்டல்கள், தட்டுக்கடைகள், லாட்டரிக் கடைகள், ஆட்டோக்கள் எல்லாம் பிழைக்கின்றன. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் சுருள் வடிவில் கட்டிக்கொடுத்த இந்தியன் காபி ஹவுஸும் அங்கேதான் இருக்கிறது. அங்கே விற்கும் சரக்கு எதுவானாலும் மூலப்பொருள் ஒன்றுதான்: வண்டியிலிருந்து இறங்கும் ஆள். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் புற்றுநோய் மையத்துக்கும் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்கும் வரும் நோயாளிகள், அவர்களோடு துணைக்கு வருபவர்கள், சபரிமலைக்குப் போகிறவர்கள், ஆற்றுக்கால் பொங்கலுக்கு வரும் பெண்கள், தலைமைச் செயலகத்தில் ஒரு கோப்பை நகர்த்த வந்தவர்கள். இந்த ஆட்கள் நின்றால் தம்பானூர் நிற்கும். 2020இல் அதுதான் நடந்தது. அதற்குப் பிறகு தொழில் மீட்சி என்ற பெயரில் மத்திய அரசும் மாநில அரசும் அறிவித்தவற்றை வரிசையாக எடுத்துப் பார்த்தால், இந்த மாதிரி ஒரு இடம் இருப்பதே கொள்கை எழுதுபவர்களின் கண்ணில் படவில்லை என்றுதான் தோன்றுகிறது. கடன் வைத்திருந்தவருக்குக் கூடுதல் கடன் கிடைத்தது. புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு ஊக்கம் கிடைத்தது. அரசு உத்தரவின்பேரில் ஷட்டரை இறக்கிவிட்டு மாதாமாதம் வாடகை கட்டியவருக்கு உரிய கணக்கு மட்டும் எழுதப்படவே இல்லை. அடுத்த தொற்று வருவதற்குள் அந்தக் கணக்கைத் தொழில் கொள்கையில் விதியாகவே எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் இழப்பின் அளவைப் பார்ப்போம். 2020 மார்ச் 25இல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. பயணிகள் ரயில் அதற்குச் சில நாள் முன்பே நின்றுவிட்டது. மே 2ஆம் தேதி திருவனந்தபுரம் நிலையத்தில் நடைமேடை நிரம்பியது; ஆனால் அது ஜார்க்கண்ட் மாநிலம் ஹதியாவுக்கு வெளிமாநிலத் தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற சிறப்பு ரயில். ஓட்டல்களிலும் கட்டட வேலையிலும் இருந்தவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜூலை 6 முதல் திருவனந்தபுரம் மாநகராட்சிப் பகுதியில் மூன்றடுக்கு ஊரடங்கு. 2021இலும் 2022இலும் ஆற்றுக்கால் பொங்கலைப் பெண்கள் அவரவர் வீட்டிலேயே இட்டுக்கொண்டார்கள். தம்பானூர் லாட்ஜுகள் ஆண்டுக்கு ஒருமுறை நிரம்பி வழியும் அந்த நாள் இரண்டு முறை காணாமல் போனது. மாநிலக் கணக்கும் இதையே காட்டுகிறது. 2019இல் கேரளத்துக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் 1.83 கோடி, வெளிநாட்டவர் 11.9 லட்சம். 2020இல் உள்நாட்டுப் பயணிகள் 50 லட்சத்துக்குள் சுருங்கினார்கள். 2021இல் வெளிநாட்டவர் எண்ணிக்கை ஏறக்குறைய 60,000. 2022இல் உள்நாட்டுப் பயணிகள் 1.88 கோடி, அதாவது தொற்றுக்கு முந்தைய ஆண்டைவிட அதிகம். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பிறகு எடுக்க வேண்டியிருக்கும்.

இந்த இழப்புக்கு என்ன மருந்து தரப்பட்டது? 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் மூன்று லட்சம் கோடி ரூபாயில் தொடங்கிப் பின்னால் ஐந்து லட்சம் கோடி வரை நீண்டது. உத்தரவாதம் நூறு விழுக்காடு, சொத்துப் பிணையம் தேவையில்லை. நல்ல திட்டம்தான். ஆனால் அதன் வாசலில் ஒரு நிபந்தனை இருந்தது: 2020 பிப்ரவரி 29ஆம் தேதி வங்கியில் உங்கள் பெயரில் கடன் பாக்கி இருக்க வேண்டும்; தொடக்கத்தில் அந்தப் பாக்கியில் 20 விழுக்காடுதான் புதுக்கடன். ஐம்பது லட்சம் பாக்கி வைத்திருந்த லாட்ஜுக்குப் பத்து லட்சம் கிடைத்திருக்கும். நகையை அடகு வைத்தும், சிட்டியைப் பிடித்து எடுத்தும், மச்சான் கொடுத்த பணத்திலும், தினத்தண்டலிலும் கடை போட்டவருக்கு இருபது விழுக்காடு என்பது சுழியத்தில் இருபது விழுக்காடு. ஒழுங்காகக் கடனை அடைத்து முடித்தவருக்கும் அதே கதிதான். தெருவோர வியாபாரிகளுக்கு ஸ்வநிதி என்ற பெயரில் பத்தாயிரம் ரூபாய்க் கடன் வந்தது. தட்டுக்கடைக்காரருக்கு அது உதவியிருக்கும். தட்டுக்கடைக்கும் லாட்ஜுக்கும் நடுவில் இருந்தவர்கள், மாத வாடகைக்கு ஒரு அறை எடுத்து இரண்டு மூன்று ஆளை வைத்துத் தொழில் செய்தவர்கள், எந்தக் கதவையும் தட்ட முடியவில்லை.

அவர்கள் தொழில் செய்பவர்கள் என்றே பல காலம் ஏற்கப்படவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. சில்லறை, மொத்த வியாபாரம் சிறு குறு தொழில் பட்டியலுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டது 2021 ஜூலை 2ஆம் தேதி. அதுவும் முன்னுரிமைக் கடன் என்ற ஒரே நோக்கத்துக்காக. முதல் அலை முழுவதும், இரண்டாம் அலையின் உச்சமும் கடந்த பிறகு கிடைத்த அங்கீகாரம் அது. அதே நகரத்தில் டெக்னோபார்க்கைப் பாருங்கள். 2020இல் மூன்று மாதங்களுக்கு, அரசு தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் பத்தாயிரம் சதுர அடி வரையிலான இடத்துக்கு வாடகை வேண்டாம் என்று மாநில அரசு சொல்லிவிட்டது. அதில் தவறே இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க வழியிருந்த துறையின் விஷயத்தில் அந்த ஆண்டிலேயே புரிந்த வாடகைச் சுமை, வீட்டிலிருந்து இட்லி விற்க வழியில்லாதவர் விஷயத்தில் ஏன் அதே வேகத்தில் புரியவில்லை என்பதுதான் கேள்வி. அரசுக் கட்டடங்களில் இருந்த கடைகளுக்கு 2021 ஜூலை 30ஆம் தேதி அறிவித்த 5,650 கோடி ரூபாய்த் தொகுப்பில், ஜூலை முதல் டிசம்பர் வரை வாடகைத் தள்ளுபடி வந்தது. இரண்டு லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஆறு மாதம் நான்கு விழுக்காடு வட்டியை அரசு ஏற்றுக்கொண்டது. கணக்குப் போட்டால் அதிகபட்சம் நான்காயிரம் ரூபாய். நகரின் மையத்தில் ஒரு சின்னக் கடையின் ஒரு மாத வாடகைக்குக்கூட அது போதாது.

கேரளம் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். மத்திய அரசு வாய் திறப்பதற்கு முன்பே, 2020 மார்ச் 19ஆம் தேதி, இருபதாயிரம் கோடித் தொகுப்பை அறிவித்த மாநிலம் அது. ஓய்வூதியத்தை முன்கூட்டியே கொடுத்தது, குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் வழியாக இரண்டாயிரம் கோடி ரூபாய்க் கடனுக்கு வழி செய்து வட்டியைத் தானே ஏற்றது, இருபது ரூபாய்ச் சாப்பாட்டுக்கு ஜனகீய ஓட்டல்களைத் திறந்தது. பசியோடு யாரும் படுக்கக் கூடாது என்ற அந்தக் கவனத்தைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் அந்த இருபதாயிரம் கோடியில் 14,000 கோடி அரசு வைத்திருந்த பழைய பாக்கிகளைத் தீர்க்க ஒதுக்கப்பட்டது. 2021 ஜூன் 4ஆம் தேதி நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் கே.என். பாலகோபால் அறிவித்த இரண்டாவது இருபதாயிரம் கோடியில் 2,800 கோடி சுகாதாரத்துக்கு, 8,900 கோடி மக்கள் கைக்கு, 8,300 கோடி பொருளாதார மீட்சிக்கான கடனுக்கும் வட்டி மானியத்துக்கும். மீட்சி என்ற தலைப்பின்கீழ் வந்தது மறுபடியும் கடன்தான். வீட்டுக்கு நிவாரணம், தொழிலுக்குக் கடன் என்று பிரித்துவைத்த சிந்தனை இது. தம்பானூர்ச் சந்தில் வீடும் தொழிலும் ஒரே கல்லாப்பெட்டியில்தான் இருக்கின்றன.

கடன் ஏன் போதாது? ஒரு கடைக்கு எதிர்காலத்தில் கூடுதல் வருமானம் தரப்போகும் ஒன்றுக்காகத்தான் கடன் வாங்குவது நியாயம்: புதிய அடுப்பு, இன்னொரு மாடி, குளிர்பதனப் பெட்டி. மூடியிருந்த மாதங்களின் வாடகைக்கு வாங்கிய கடன் எந்த வருமானத்தையும் பெற்றுத் தராது. 2021 நடுப்பகுதியில் கேரளம் உள்ளாட்சிகளை ஏ, பி, சி, டி என்று தொற்று விகிதத்தின்படி பிரித்தது. பி என்றால் அத்தியாவசியமற்ற கடைகள் திங்கள், புதன், வெள்ளி திறக்கலாம். சி என்றால் வெள்ளி மட்டும். சனி, ஞாயிறு முழு ஊரடங்கு. வாரத்துக்கு ஒரு நாள் திறந்த கடைக்கு வாடகை ஏழு நாளுக்கும் ஓடியது. மின்சார வாரியத்தின் நிலைக்கட்டணம் ஓடியது. 2020 மார்ச் முதல் மே வரையிலான நிலைக்கட்டணத்தில் கால்வாசியைத் தள்ளுபடி செய்தார்கள், முக்கால்வாசி நின்றது. மாநகராட்சி உரிமக் கட்டணம், கட்டட வரி, உணவு உரிமம், இருந்த ஒன்றிரண்டு ஆட்களுக்குச் சாப்பாட்டுச் செலவு. கோழிக்கோட்டில் வியாபாரிகள் தெருவில் இறங்கியதும், வணிகர் அமைப்பான வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதி தடையை மீறிக் கடை திறப்போம் என்று அறிவித்ததும், பக்ரீத்துக்காக மூன்று நாள் தளர்வு கொடுத்து அரசு உச்ச நீதிமன்றத்தில் கண்டனம் வாங்கியதும் எல்லாம் 2021 ஜூலையில்தான். மூடியிருந்த நாளுக்கு ஏதாவது கிடைத்திருந்தால் அந்த மோதல் அந்த அளவுக்கு முற்றியிருக்குமா என்பது சந்தேகம். ஊரடங்குக்கு ஈடு கொடுப்பது நோய்த்தடுப்புக்கு எதிரானதல்ல. அதை மக்கள் கடைப்பிடிக்க வைப்பதற்கான செலவின் ஒரு பகுதி.

இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கடைகளை மூட வைத்த அதிகாரம் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலிருந்து வந்தது. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவுகளைத் தேசிய ஆணையம் வகுக்க வேண்டும் என்கிறது. உயிரிழப்புக்கான கருணைத் தொகையைச் சொல்லும் அதே வரிசையில் வாழ்வாதாரத்தை மீட்டுத்தருவதற்கான உதவியையும் சொல்கிறது. 2025இல் நீக்கப்படும் வரை 13ஆம் பிரிவு கடன் திருப்பிச் செலுத்துவதில் சலுகை தருவது பற்றிப் பேசியது. 2021 ஜூன் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 12ஆம் பிரிவின் முதல் பாதிக்கு உயிர் வந்தது. கரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். வாழ்வாதாரம் என்ற அடுத்த பாதி அப்படியே கிடக்கிறது. ஒரே சட்டத்தின் மூடும் அதிகாரத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, மீட்கும் கடமையைப் பாதியில் விடுவது எந்த அரசுக்கும் அழகல்ல.

பணம் எங்கே என்பார்கள். நியாயமான கேள்வி. கேரளத்தின் உற்பத்தி மதிப்பு 2020-21இல் எட்டு விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது; வரி வருமானம் சரிந்தது; கடன் வாங்கும் உச்சவரம்பு மத்திய அரசின் கையில். ஆனால் தொகையின் பரிமாணத்தையாவது பார்க்க வேண்டாமா? ஒரு பேச்சுக்கு, ஐந்து லட்சம் சிறு கடைகளுக்கு, மூடியிருந்த 150 நாளுக்கு, நாளொன்றுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,500 கோடி. இரண்டாவது தொகுப்பில் கடனுக்கும் வட்டிக்கும் ஒதுக்கிய 8,300 கோடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இருநூறு ரூபாய் யாரையும் பணக்காரராக்காது. கட்டட உரிமையாளரிடம் போய், அரசு இவ்வளவு தருகிறது, நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று பேச அது ஒரு பிடிமானமாவது கொடுக்கும். அன்று வாடகைக்காரரிடம் பேரம் பேச எதுவுமே இல்லை.

அடுத்த மறுப்பு பொருளாதார அறிஞர்களிடமிருந்து வரும். நொடித்துப்போகிற தொழிலை உதவித்தொகை கொடுத்து உயிரோடு வைத்திருப்பது வீண். பழையது போய்ப் புதியது வரட்டும். சந்தையில் தோற்ற தொழிலுக்கு இது பொருந்தும். தம்பானூரில் மூடிய கடை போட்டியில் தோற்று மூடவில்லை, உத்தரவில் மூடியது. அதற்குச் சான்று நான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன எண். 2022இல் உள்நாட்டுப் பயணிகள் 2019ஐ விட அதிகமாக வந்தார்கள் என்றால், தேவை சாகவில்லை, இடைவேளை எடுத்துக்கொண்டது என்று பொருள். இடைவேளையைத் தாண்ட முடியாமல் போன ஓட்டல்காரர் திறமையற்றவர் என்று எப்படிச் சொல்வது? அவரிடம் இரண்டு ஆண்டு வாடகைக்குக் கையிருப்பு இல்லை, அவ்வளவுதான். கையிருப்பு இருந்தவர் அந்த இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அப்படி நடந்தது போட்டியாகாது. தேசிய அளவிலும் இது தெரிகிறது: பதிவு பெறாத, விவசாயம் சாராத தொழில்களில் 2015-16இல் 11.13 கோடிப் பேர் வேலை செய்தார்கள், 2021-22இல் 9.79 கோடி. பணமதிப்பு நீக்கமும் ஜிஎஸ்டியும் இதற்கு நடுவே வந்தவை என்பதால் முழுப் பழியையும் தொற்றின்மேல் போட முடியாது. ஆனாலும் அடிமேல் அடி வாங்கியவர்கள் இவர்கள்தான் என்பதில் ஐயமில்லை.

யாருக்குக் கொடுப்பது, போலிகளை எப்படித் தடுப்பது என்பது மூன்றாவது, உண்மையிலேயே கடினமான கேள்வி. இங்கிலாந்து இதில் ஒரு வழி காட்டியது. 2020 பிற்பகுதியில் மூட உத்தரவிடப்பட்ட கடைகளுக்கு, கட்டடத்தின் வரி மதிப்பைப் பொறுத்து, 28 நாளுக்கு 1,334 முதல் 3,000 பவுண்டு வரை உள்ளாட்சி மன்றங்களே கொடுத்தன. புதுப் பதிவேடு எதுவும் தயாரிக்கவில்லை. சொத்துவரிப் பட்டியல் ஏற்கெனவே கையில் இருந்தது. அதிலும் தவறுகள் நடந்தன. ஆனால் சொந்த அறிவிப்பை நம்பி வங்கி வழியே அவசரமாகக் கொடுத்த கடன் திட்டத்தில்தான் பெரிய மோசடி நடந்தது என்று அங்கே பின்னர் கணக்கிட்டார்கள். நம்மிடம் அதைவிட நல்ல ஆதாரம் ஒன்று உண்டு. கடைக்கு மின்சார வாரியம் வணிக இணைப்பு கொடுத்திருக்கிறது. மீட்டர் பொய் சொல்லாது. 2019இல் எத்தனை யூனிட் ஓடியது, ஊரடங்கில் எத்தனை யூனிட்டாகக் குறைந்தது என்பது வாரியத்தின் கணினியில் இருக்கிறது. அதோடு மாநகராட்சி உரிமத்தையும் கட்டட வரி எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கடை உண்மையில் இருந்ததா, மூடியதா என்று சில நாட்களில் தெரிந்துவிடும். மீட்டர் இல்லாத தட்டுக்கடைக்கு நகர விற்பனைக் குழுவின் அடையாள அட்டை இருக்கிறது. விடுபடுபவர்கள் இருப்பார்கள். வங்கிப் பாக்கி என்ற சல்லடையில் விடுபட்டவர்களைவிடக் குறைவாகத்தான் இருப்பார்கள்.

தொழில்துறை அமைச்சர் பி. ராஜீவ் காலத்தில் கேரளம் வேறொரு பக்கத்தில் வேகமாக நடந்தது. 2022-23ஐத் தொழில்முனைவோர் ஆண்டாக அறிவித்து, ஒரு லட்சம் என்ற இலக்கைத் தாண்டி 1.39 லட்சம் புதிய தொழில்கள் தொடங்கப்பட்டதாக அரசு சொன்னது. பழைய கடைகளையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்று எதிர்க்கட்சி குற்றம்சாட்டியது. அந்தச் சண்டையில் இறங்க வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டுத் தொழில் கொள்கை 22 முன்னுரிமைத் துறைகளைப் பட்டியலிட்டது; காப்பீட்டுப் பிரீமியத்தில் பாதியை 2,500 ரூபாய் வரை அரசு திருப்பித் தரும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. பாராட்டலாம். ஆனால் புதிதாகத் திறந்ததை எண்ணும் அரசு, பழையதில் எத்தனை மூடியது என்றும் ஒரு பத்தி போட வேண்டும். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார். கடைசியாக ஷட்டரை இறக்கும்போது கட்டட உரிமையாளர் மட்டும்தான் வருவார். காப்பீடும் தீயையும் திருட்டையும் பார்த்துக்கொள்ளும். அரசு உத்தரவால் வாடிக்கையாளர் வராமல் போனதைச் சாதாரணப் பாலிசி எதுவும் பார்ப்பதில்லை.

இனி, எல்லை. மண்டலத் தொழில் கொள்கை என்று பேசும்போது மண்டலம் என்றால் மாநிலம் என்றே எடுத்துக்கொள்கிறோம். தம்பானூரின் மண்டலம் களியக்காவிளையில் முடிவதில்லை. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டமும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்துக்குள் இன்றும் நாகர்கோவில் இருக்கிறது. திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் தமிழ் வியாபாரிகள் தலைமுறைகளாகக் கடை நடத்துகிறார்கள். தொற்றுக் காலத்தில் இந்தப் பகுதியின் நடுவே கோடு விழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குப் பேருந்துப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது 2021 டிசம்பர் 1ஆம் தேதி. ஏறத்தாழ இருபது மாதம். திருவனந்தபுரத்தில் கடை திறக்க அனுமதி கிடைத்த வாரங்களிலும் மார்த்தாண்டத்திலிருந்து வாங்க ஆள் வரவில்லை. ஒரு மாநிலம் தளர்த்தும்போது மறு மாநிலம் இறுக்கினால், தளர்த்தியதன் பலன் எல்லைக் கடைகளுக்குக் கிடைக்காது. இரு அரசுகளும் தங்கள் சுகாதாரக் காரணங்களுக்காக முடிவெடுத்தன, அதில் குறை காண வேண்டாம். எல்லையோர மாவட்டங்களின் வணிக இழப்பை யாருமே தன் கணக்கில் எழுதவில்லை என்பதுதான் குறை. தென் மண்டலக் குழு என்று ஒன்று 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்படி இருக்கிறது. அதன் 30ஆவது கூட்டம் 2022 செப்டம்பரில் திருவனந்தபுரத்திலேயே நடந்தது. எல்லை மூடும் நாட்களுக்கான பொது நெறிமுறையையும், இரு பக்கத்து வியாபாரிகளுக்கும் ஒரே அளவு ஈட்டையும் பேச அதைவிடப் பொருத்தமான மேசை இல்லை.

இதெல்லாம் நடந்து முடிந்த கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 செப்டம்பரில் நிபா வந்தபோது கோழிக்கோட்டில் பல ஊராட்சிகள் கட்டுப்பாட்டு மண்டலமாயின. 2024 ஜூலையில் மலப்புறம் மாவட்டத்தின் பாண்டிக்காட்டிலும் ஆனக்கயத்திலும் கட்டுப்பாடு வந்தது. சிறிய பகுதி, சில நாட்கள். முன்மாதிரியாகச் செய்துபார்க்க இதைவிட மலிவான வாய்ப்பு அமையாது. ஆகவே கேரளத் தொழில்துறையிடமும் தமிழ்நாட்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்துறையிடமும் கேட்பது இதுதான்: மூடல் உத்தரவு பிறப்பிக்கும் அதே அரசாணையிலேயே, மூடும் நாளுக்கு என்ன தொகை, எந்தப் பதிவேட்டின்படி, எத்தனை நாளுக்குள் கடைக்காரர் வங்கிக் கணக்கில் சேரும் என்பதையும் எழுதுங்கள். அடுத்த நிபா மண்டலத்திலிருந்தே தொடங்குங்கள்.